கடல் கடந்த குடும்பம்

குற்றம் புரிந்தாரை ஒறுத்தல் அரசின் கடமை. ஒறுப்பார் இல்லையேல் நாட்டில் அமைதி நிலவாது. எளியோர் பொருளும் உயிரும் காவலின்றி அழியும். ஆயினும், ஒருவன் ஒருநாள் செய்த குற்றத்தையே அவன் வாழ்நாள் முழுமைக்கும் அளவுகோலாகக் கொள்ளுதல் முறையாகுமோ? திருந்துதற்கு வழியின்றிச் செய்யும் தண்டனை, நோயை விட்டு நோயாளியை அழிக்கும் மருத்துவத்தை ஒக்கும். இவ்வுண்மையை விளக்கும் வரலாறுகள் பல. அவற்றுள் ஒன்று, இங்கிலாந்து நாட்டுச் சிறையில் தோன்றி ஆஸ்திரேலியாவில் தழைத்த ஹென்றி கேபிள் குடும்பத்தின் வரலாறு.

அந்நாளைய சட்டம்

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சட்டம் மிகக் கொடியதாய் இருந்தது. கொலைக்கு மட்டுமன்றி, வீடு புகுந்து திருடுதல், ஆடு திருடுதல் முதலிய குற்றங்கட்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பெற்றது. தண்டனை பெற்றார் எல்லாரும் தூக்கிலிடப்பட்டாரல்லர். பலர் உயிர்ப்பிச்சை பெற்றனர். அங்ஙனம் பெற்றவர் ஏழாண்டோ, பதினான்கு ஆண்டோ, வாழ்நாள் முழுவதுமோ கடல் கடந்த நாட்டில் உழைத்துக் கழிக்க வேண்டும். இதுவே நாடு கடத்தும் தண்டனை எனப்பட்டது.

நெடுங்காலம் இக்கைதிகள் அமெரிக்காவிற்கே அனுப்பப்பெற்றனர். 1775ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் விடுதலைப் போர் தொடங்கவே, அவ்வழி அடைபட்டது. சிறைகள் நிரம்பி வழிந்தன. பாய்மரம் களைந்த பழைய கலங்கள் துறைகளில் நிறுத்தப்பெற்றுச் சிறைகளாக ஆக்கப்பட்டன. அவையும் போதாமற் போகவே, 1786ஆம் ஆண்டில் ஆங்கில அரசு, ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையில் உள்ள பாட்டனி விரிகுடாவில் கைதிகளைக் குடியேற்றத் துணிந்தது.

சிறையில் பிறந்த மகவு

இங்கிலாந்தின் கீழ்ப்பகுதியில் உள்ள சபோக் மாவட்டத்தில், லாக்ஸ்பீல்டு என்னும் சிற்றூரில் பிறந்தவன் ஹென்றி கேபிள். இளமையிலேயே அவன் தீநெறிப்பட்டான். அவனும், அவன் தந்தையும், கூட்டாளி ஒருவனும் ஒரு வீட்டில் புகுந்து திருடிப் பிடிபட்டனர். 1783ஆம் ஆண்டில் தெட்போர்டு நகர முறைமன்றம் மூவர்க்கும் தூக்குத் தண்டனை விதித்தது. இளைஞனாகிய கேபிளுக்கு உயிர்ப்பிச்சை கிடைத்தது. பதினான்கு ஆண்டு நாடு கடத்தும் தண்டனையாக அது மாற்றப்பட்டது. தந்தையும் கூட்டாளியும் தூக்கிலிடப்பட்டனர். தந்தையின் முடிவை நெஞ்சிற் சுமந்தவனாய் மகன் நார்விச் கோட்டைச் சிறையில் அடைபட்டான்.

அடுத்த ஆண்டில் அதே சிறைக்கு வந்தவள் சூசன்னா ஹோம்ஸ். நார்விச் நகரை அடுத்த சர்லிங்காம் என்னும் ஊரினள். துணிமணிகளையும் வெள்ளிக் கரண்டிகளையும் திருடியதற்காக அவளும் தூக்குத் தண்டனை பெற்று, பின்னர்ப் பதினான்கு ஆண்டு நாடு கடத்தும் தண்டனைக்கு உள்ளானவள். அக்காலச் சிறையில் ஆடவரும் மகளிரும் ஒருவரையொருவர் காணவும் பழகவும் இயன்றது. துன்பத்தில் ஒன்றுபட்ட இருவர்க்குமிடையே அன்பு மலர்ந்தது. 1786ஆம் ஆண்டில் அவர்களுக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. தந்தையின் பெயரே அதற்கும் இடப்பட்டது. முறைப்படி மணம் புரிந்துகொள்ள இசைவு தருமாறு கேபிள் வேண்டினான். இசைவு கிட்டவில்லை.

சிறைக்காவலரின் அருள்

அவ்வாண்டின் இறுதியில், சூசன்னாவும் வேறு சில பெண் கைதிகளும் ஆஸ்திரேலியா செல்லுமாறு ஆணை பிறந்தது. அவர்களைத் தென்மேற்குக் கரையில் உள்ள பிளிமத் துறைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு ஜான் சிம்சன் என்னும் சிறைக்காவலரிடம் ஒப்படைக்கப்பட்டது. தானும் உடன் வருவதாகக் கேபிள் மன்றாடினான். அதற்கு அரசு இணங்கவில்லை. தாயும் சேயும் தந்தையைப் பிரிந்து புறப்பட்டனர்.

பிளிமத் துறையில் நின்ற டன்கர்க் என்னும் சிறைக்கலத்தை அடைந்தபோது மற்றொரு பேரிடி காத்திருந்தது. அதன் தலைவன் தாயை ஏற்றுக்கொண்டான். சேயை ஏற்க மறுத்தான். “கைதிகளை ஏற்கவே எனக்கு ஆணை உண்டு, குழந்தையை ஏற்க ஆணை இல்லை” என்பது அவன் கருத்து. பால்மணம் மாறாத மகவு தாயின் கையினின்றும் பிரிக்கப்பட்டது. தாயின் கதறல் கேட்டும் அவன் உள்ளம் இளகவில்லை.

சிம்சன் தம் கடமையை முடித்துவிட்டார். கைதிகளை ஒப்படைத்த பின்னர் அவர் ஊர் திரும்பியிருப்பின், அவரைக் குறைகூறுவார் யாருமிலர். ஆனால், குழந்தையின் அழுகையும் தாயின் கண்ணீரும் அவரைத் திரும்ப விடவில்லை. குழந்தையை மடியில் ஏந்தி அவர் இலண்டனுக்குச் செல்லும் குதிரை வண்டியில் ஏறினார். குளிர்காலம், நெடுவழி, கைக்குழந்தை. வழிநெடுகத் தாமே அதற்கு உணவூட்டிப் பேணிச் சென்றார்.

இலண்டனில் அவர் நாடிச் சென்றது உள்நாட்டு அமைச்சராகிய சிட்னி பிரபுவின் இல்லம். எளிய சிறைக்காவலர் ஒருவர் பேரமைச்சரைக் காண்டல் எளிதோ? பணியாளர் தடுத்தனர். அவர் பின்வாங்கவில்லை. அமைச்சர் மாடிப்படி இறங்கி வருகையில் எதிர்சென்று நின்று, நிகழ்ந்ததனைத்தையும் எடுத்துரைத்தார். சிட்னி பிரபுவின் நெஞ்சம் நெகிழ்ந்தது. குழந்தையைத் தாயிடம் சேர்க்குமாறும், தந்தையையும் அவர்களுடன் அனுப்புமாறும் அவர் ஆணையிட்டார். சிம்சன் உடனே நார்விச்சிற்கு விரைந்து, கேபிளையும் அழைத்துக்கொண்டு மீண்டும் பிளிமத் துறையை அடைந்தார். பிரிந்த குடும்பம் ஒன்று கூடியது.

இச்செய்தி நாளிதழ்களில் வெளிவந்தது. படித்தோர் உள்ளம் உருகினர். கடோகன் பெருமாட்டி என்பார் முன்னின்று பொருள் திரட்ட, 20 பவுன் சேர்ந்தது. அத்தொகையைக் கொண்டு புதிய நாட்டில் அக்குடும்பத்திற்கு வேண்டும் ஆடைகளும் நூல்களும் பிற பொருள்களும் வாங்கப்பெற்றன. அவை ஒரு பொதியாகக் கட்டப்பட்டு ‘அலெக்சாந்தர்’ என்னும் கப்பலில் ஏற்றப்பட்டன.

புதிய கரை

1787ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள், ஆர்தர் பிலிப் என்பார் தலைமையில் 11 கப்பல்கள் போர்ட்ஸ்மத் துறையினின்றும் புறப்பட்டன. ‘முதற் கப்பற்படை’ என வரலாறு அதனைக் கூறும். தெனரீப் தீவு, பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை ஆகிய இடங்களில் தங்கி, எட்டுத் திங்களுக்கு மேல் அவை கடலிற் சென்றன. கேபிள் குடும்பம் ‘பிரண்ட்ஷிப்’ என்னும் கப்பலில் ஏறியது. நன்னம்பிக்கை முனையில் வாங்கிய ஆடுகளுக்கு இடம் வேண்டி, அக்கப்பலிலிருந்த பெண் கைதிகள் வேறு கப்பல்களுக்கு மாற்றப்பட்டனர். ஆட்டிற்கு இடம் தந்து மனிதரை அகற்றிய அச்செயலொன்றே, கைதிகள் எத்துணை இழிவாக எண்ணப்பட்டனர் என்பதைக் காட்டும்.

பாட்டனி விரிகுடாவில் நன்னீரும் வளமான நிலமும் போதியன இல்லை. ஆதலின், பிலிப் வடக்கே சென்று, 1788ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் மற்றொரு துறையில் குடியேற்றத்தை நிறுவினார். தம்மை அனுப்பிய அமைச்சரின் பெயரால் அதற்குச் சிட்னித் துறை எனப் பெயரிட்டார். சிம்சன் வழிமறித்து முறையிட்ட அமைச்சரின் பெயரே, அக்குழந்தை வளர்ந்த ஊரின் பெயராகவும் அமைந்தது!

பிப்பிரவரி மாதம் 10ஆம் நாள், ரிச்சர்டு ஜான்சன் என்னும் சமயகுரு அங்கு ஐந்து இணையர்க்கு மணம் செய்துவைத்தார். அவ்வைந்தனுள் ஒன்று கேபிள், சூசன்னா திருமணம். நார்விச் சிறையில் மறுக்கப்பட்ட மண உரிமை, கடலுக்கு அப்பால் கூடாரங்களுக்கிடையே கைகூடியது.

முறை வேண்டியவர்

கப்பலிலிருந்து பொருள்கள் இறக்கப்பட்டன. ஆனால், இலண்டன் மக்கள் அன்புடன் அளித்த பொதி வந்து சேரவில்லை. சில நூல்கள் மட்டுமே கிடைத்தன. ஏனைய பொருள்கள் காணாமற் போயின. அலெக்சாந்தர் கப்பலின் தலைவன் டங்கன் சிங்கிளேர். அவனிடம் கேட்டும் பயனில்லை.

கேபிள் இப்போது என்செய்வான்? ஆங்கிலச் சட்டப்படி, கொடுங்குற்றத்திற்காகத் தூக்குத் தண்டனை பெற்றவர், உயிரோடு இருப்பினும், சட்டத்தின் கண்ணுக்கு இறந்தாரை ஒப்பர். அவர்க்குச் சொத்துரிமை இல்லை. வழக்குத் தொடுக்கும் உரிமையும் இல்லை. கப்பல் தலைவனோ கட்டற்றவன், செல்வாக்குடையவன். அவனை எதிர்த்து ஒரு கைதியும் அவன் மனைவியும் வழக்காடுதல் கூடுமோ?

நம் நாட்டில், கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்து அரசனிடம் முறை வேண்டிய கதையைச் சிறுவரும் அறிவர். மணியின் கயிற்றை இழுப்பது எவர் கை என்று பாராது, ஓசையைக் கேட்டு எழுந்து வருவதே செங்கோன்மை. கேபிளும் சூசன்னாவும் சிட்னித் துறையில் அத்தகைய மணியொன்றை அடித்தனர். 1788ஆம் ஆண்டு சூலை மாதத்தில், அவர்கள் சிங்கிளேர் மீது வழக்குத் தொடுத்தனர். நீதித்தலைவர் டேவிட் காலின்ஸ், சமயகுரு ஜான்சன், மருத்துவர் ஜான் ஒயிட் ஆகிய மூவரும் கூடிய மன்றம் அவ்வழக்கை ஏற்றது. வழக்கின் ஏட்டில் அவ்விருவரும் கைதிகள் எனக் குறிக்கப்படவில்லை. ‘இவ்விடத்துப் புதுக் குடியேறிகள்’ என்றே குறிக்கப்பெற்றனர். சான்றுகளைக் கேட்ட மன்றம், கப்பல் தலைவன் 15 பவுன் இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது.

ஆஸ்திரேலிய மண்ணில் நடந்த முதல் உரிமை வழக்கு இதுவே. சில நாள் கழிந்திருப்பின் அலெக்சாந்தர் கப்பல் தாயகம் நோக்கிப் புறப்பட்டிருக்கும். பொருளும் போயிருக்கும், வழக்கும் போயிருக்கும். பதினைந்து பவுன் பெருந்தொகையன்று. ஆனால், சட்டத்தின் முன் இறந்தார் எனக் கருதப்பட்ட இருவரை, மன்றம் உயிருள்ள மாந்தராக ஏற்றது. அதன் மதிப்பைப் பொன்னால் அளத்தல் இயலாது. கைதிகள் நிறைந்த ஒரு நாட்டில், கைதிக்கும் சட்டம் காவலாகும் என்னும் நம்பிக்கை அன்று வேரூன்றியது.

குடியேறிய வாழ்வு

அதன்பின் கேபிளின் வாழ்வில் ஏற்றம் உண்டாயிற்று. ஆளுநர் பிலிப் அவரைக் கைதிகளின் மேற்பார்வையாளராக அமர்த்தினார். பின்னர் அவர் காவலராகவும், தலைமைக் காவலராகவும் உயர்ந்தார். கன்னமிட்டுச் சிறை புகுந்தவரே, கன்னமிடுவாரைக் காக்கும் பொறுப்பை ஏற்றமை வியப்பன்றோ! 1794, 1795ஆம் ஆண்டுகளில் பீட்டர்சாம் என்னும் இடத்தில் அவர்க்கு நிலம் வழங்கப்பெற்றது. 1798ஆம் ஆண்டில் அவர் சிட்னியில் ஒரு விடுதி தொடங்கினார், அங்கிருந்து பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரை வண்டியையும் நடத்தினார், கடையும் வைத்தார்.

கப்பல் கட்டுதலில் வல்லவராகிய ஜேம்ஸ் அண்டர்வுட்டும், பெருவணிகராகிய சிமியன் லார்டும் அவர்க்குக் கூட்டாளிகள் ஆயினர். அவ்விருவரும் ஒருகாலத்துக் கைதிகளே. பாஸ் நீரிணைத் தீவுகளில் கடல்நாய்களை வேட்டையாடி, அவற்றின் தோலையும் எண்ணெயையும் விற்று அவர்கள் பெரும்பொருள் ஈட்டினர். வேட்டையாடினோர் அளவறியாது கொன்றமையால், சில ஆண்டுகளிலேயே அத்தீவுகளில் கடல்நாய்கள் அருகிப்போயின.

கேபிள் குற்றமற்ற சான்றோராக மாறிவிட்டார் என்று கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1802ஆம் ஆண்டில், கப்பலொன்றிலிருந்து விதிக்கு மாறாகப் பன்றிகளை இறக்கிய குற்றத்திற்காகத் தலைமைக் காவலர் பதவியினின்றும் அவர் நீக்கப்பட்டார். 1807ஆம் ஆண்டில், ஆளுநர் பிளைக்குத் தகாத சொற்களால் மடல் எழுதினர் என்று கூறி, கேபிளும் அவர்தம் கூட்டாளிகள் இருவரும் ஒரு திங்கள் சிறையிடப்பட்டனர். ஆளுக்கு 100 பவுன் தண்டமும் விதிக்கப்பட்டது. அதன்பின் கூட்டாளிகளுக்குள் பிணக்கு நேர்ந்தது. வணிகம் உடைந்து, வழக்குகள் பெருகின. மேடும் பள்ளமும் நிறைந்ததே அவர் வாழ்வு.

1811ஆம் ஆண்டில் கேபிள் குடும்பத்துடன் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் உள்ள விண்ட்சர் நகரை அடைந்து, அங்கே கடையும் மதுவடிக்கும் தொழிலும் நடத்தினார். அவர்தம் மக்கள் பதினொருவர். அவருள் ஜேம்ஸ் என்பான் கடலோடியாகி, மலாக்கா நீரிணையில் கடற்கொள்ளையரால் கொல்லப்பட்டான். ஜான் என்பான் குத்துச்சண்டையில் நாடறிந்த வீரனானான். பெருங்குடும்பத்தைப் பேணி வளர்த்த சூசன்னா 1825ஆம் ஆண்டில் மறைந்தார். கேபிள் 1846ஆம் ஆண்டில் காலமானார். இருவரும் விண்ட்சர் நகரத்துத் தூய மத்தேயு கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றனர். அக்கோயிலை வரைந்து அமைத்த பிரான்சிஸ் கிரீன்வே என்னும் கட்டடக் கலைஞரும் நாடு கடத்தப்பட்டு வந்த கைதியே ஆவார்.

1788 முதல் 1868 வரை, எண்பதாண்டுக் காலத்தில், ஏறத்தாழ 1,62,000 கைதிகள் ஆஸ்திரேலியாவிற்கு அனுப்பப்பெற்றனர். அவருள் பசியாலும் கசையடியாலும் நலிந்து மடிந்தோர் பலர். மண்ணை உழுது மனையறம் கண்டோர் பலர். நெடுங்காலம் அவர்தம் வழித்தோன்றல்கள், கைதியின் மரபினர் என்று சொல்லிக்கொள்ள நாணினர். முன்னோர் பெயரையே மறைத்தனர். இன்று அந்நாணம் அகன்றது. முதற் கப்பற்படையில் வந்தோரின் மரபினர் என்பதனைப் பெருமையாகவே கூறிக்கொள்கின்றனர்.

மணியோசை கேட்கப்படாதவர்

இவ்வரலாற்றிற்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதனை மறைத்தல் அறமன்று. கேபிளுக்கு அரசு வழங்கிய நிலம் ஆளில்லா வெற்று நிலமன்று. சிட்னித் துறையைச் சூழ்ந்த நிலப்பகுதி கடிகல் என்னும் பழங்குடியினரின் தாயகம். அவர்தம் முன்னோர் எண்ணிறந்த தலைமுறைகளாக அங்கு வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தனர். அவரிடம் யாரும் இசைவு கேட்டிலர், விலையும் கொடுத்திலர். 1789ஆம் ஆண்டில் பரவிய பெரியம்மை அவருள் பெரும்பகுதியினரைக் கொன்றது. எஞ்சியோர் தம் நீர்நிலைகளையும் வேட்டைக்காடுகளையும் இழந்து அலைந்தனர்.

காணாமற்போன ஒரு பொதிக்காகக் கைதி ஒருவன் முறையிட, மன்றம் கேட்டது. காணாமற்போன ஒரு நாட்டிற்காகப் பழங்குடியினர் வருந்த, எந்த மன்றமும் கேட்கவில்லை. அந்நிலம் எவர்க்கும் உரியதன்று என்று கொண்டே சட்டம் நடந்தது. அச்சட்டம் திருந்த இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயின. டோரஸ் நீரிணையில் உள்ள மரே தீவைச் சேர்ந்த எடி மாபோ என்பாரும் அவர்தம் தோழரும் தொடுத்த வழக்கில், 1992ஆம் ஆண்டு சூன் மாதம் 3ஆம் நாள், ஆஸ்திரேலிய உயர்முறைமன்றம் தீர்ப்பளித்தது. ஆங்கிலேயர் வருமுன்னரே அம்மண்ணின் மக்களுக்கு நில உரிமை இருந்தது என்பதை அது ஒப்புக்கொண்டது. தீர்ப்பு வெளிவந்தபோது மாபோ உயிருடன் இல்லை. சில திங்கள்களுக்கு முன்னரே அவர் மறைந்துவிட்டார்.

தூக்குமரத்தின் நிழலிற் கிடந்த ஓர் இளைஞன், பெருங்குடும்பத்தின் தலைவனாக வாழ்ந்து முதுமையுற்று மறைந்தான். அதற்கு அவன் உழைப்பு ஒரு காரணம். ஆயின், அவ்வுழைப்பு பயன்படுதற்கு இருவேறிடங்களில் வழி திறந்தது. ஆணையில் குழந்தை குறிக்கப்படவில்லையே என்று பாராது, அதனை மடியில் ஏந்திச் சென்றார் ஒரு சிறைக்காவலர். கைதிக்கு வழக்குரிமை இல்லையே என்று பாராது, அவன் சொல்லைச் செவிமடுத்தது ஒரு மன்றம். சட்டத்தின் எழுத்திற்கு அப்பால் மனிதனைக் கண்ட இடத்திலெல்லாம் நீதி தழைத்தது. காணாத இடத்தில், கடிகல் மக்களுக்கு நேர்ந்தது போல, அது கருகியது. ஒரு நாட்டின் செங்கோன்மையை அறிய விரும்புவோர், அதன் மன்றங்களின் உயரத்தை நோக்கவேண்டா. அந்நாட்டில் எளியோர் அடிக்கும் மணியோசை கேட்கப்படுகின்றதா என்பதை நோக்கினாற் போதும்.